நாயைப் புதைத்த இடத்துக்கு மிளா வருகிறதா? உப்பைச் சந்தேகப்படுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறை என்று மலையடிவாரத்தில் வீடு உள்ளவர்கள், வளர்த்த நாயோ பூனையோ செத்தால் விளையிலேயே (தோட்டத்திலேயே) ஒரு மூலையில் புதைத்துவிட்டு மேலே ஒரு செம்பருத்தி நடுவது வழக்கம். கொஞ்ச நாளில் செம்பருத்தி வெறும் குச்சியாக நிற்கும். சுற்றிலும் மண்ணில் பிளந்த குளம்புத் தடம். அப்புறம் மிளாவை, அதாவது காட்டிலிருந்து இறங்கும் அந்தப் பெரிய மானை, திட்டுவார்கள். ஆனால் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அதை அழைத்தது நாம்தான்.

குழிக்கு உப்பு போடுவது நம் பழக்கம். குழிக்குள் போடுவதோடு நிறுத்தினால் பெரிய தொந்தரவு இல்லை. மூடிய பிறகு மேலேயும் கல்லுப்பை அள்ளித் தூவுகிறார்களே, அதுதான் வம்பு. மிளாவுக்கு உப்பு என்றால் உயிர். காட்டில் உப்பு கலந்த மண்ணைத் தேடிப் போய் நக்கும் விலங்கு அது. ஒருமுறை ருசி கண்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். வந்த இடத்தில் செம்பருத்தி, ரோஜா, ஏத்தன் வாழைக் கன்று, மரச்சீனி (மரவள்ளி) கொழுந்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் மேயும். உப்பு மண்ணில் செடியின் வேர் கருகுவது தனிக்கதை. ஏற்கெனவே தூவியிருந்தால் மேல்மண்ணை வாரி அகற்றிவிட்டுப் புதுமண் போடுங்கள்.

அடுத்து ஆழம். அழுத கண்ணோடு தோண்டும்போது இரண்டடியிலேயே போதும் என்று தோன்றும். போதாது. உடலுக்கு மேல் மூன்றடி மண்ணாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தெருநாயும் காட்டுப்பன்றியும் கிளறிவிடும். ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த பிராணி என்றால் இன்னும் ஆழம் வேண்டும். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்கிற விலங்கும் சாகலாம். பிளாஸ்டிக் சாக்கில் கட்டிப் புதைக்காதீர்கள், பழைய வேட்டி போதும். கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, கிணற்றுக்குப் பள்ளமான பக்கமாகப் பாருங்கள். இந்த மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வயலோரம் தோண்டினால் குழியில் நீர் ஊறிவிடும். மண் அமுங்கும் என்பதால் ஒரு சாண் மேடாகவே மூடுங்கள். வெறிநோய் என்று சந்தேகம் இருந்தால் உடலைக் குளிப்பாட்டுவது, மடியில் வைத்து அழுவது எதுவும் கூடாது. முதலில் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, செடிக்கு வருவோம். மேயாமல் இருக்க, மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கிற மீன் அமிலம் தெளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாழைத் தோட்டத்துக்கு அது சரி. புதைத்த இடத்தின் மேல் மீன் வாசம் அடித்தால் மிளா போய் நாய் வரும், மண்ணைக் கிளறும். எந்த வாசனைத் தெளிப்பும் ஒரு நல்ல மழையோடு போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். அதைவிட, ஆடுமாடு வாய் வைக்காத செடியாக நடுவது மேல்: நித்தியகல்யாணி, ஆடாதோடை, நொச்சி. பசி முற்றினால் எதையும் கடித்துப் பார்க்கும்தான், ஆனாலும் செம்பருத்தி படும் பாடு இவை படாது. அரளியையும் தொடாது, ஆனால் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அரளி வேண்டாம்.

குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிச் சுற்றிக் கட்டுகிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஏற்பாடு. ஆண் மிளாவின் கொம்பு நைலான் கண்ணியில் மாட்டினால் அது விடியும்வரை உதறும். வேலி, கன்று எல்லாம் போகும், விலங்கும் சாகலாம். சாரைப்பாம்பும் சிக்கிக் கிடக்கும். ஒரு சமாதிச் செடியைக் காக்க, கம்பிவலையை ஆளுயரத்துக்குக் கூண்டாக வளைத்துக் கம்பு அடித்து நிறுத்தினால் போதும். முழு விளைக்கும் வேலி என்றால் ஏழெட்டு அடியாவது வேண்டும், மிளா நன்றாகத் தாண்டும். வீட்டுக் கரண்டை வேலிக்கு இழுப்பது சட்டப்படி குற்றம், ஆளையும் கொல்லும். சோலார் வேலி போடுவதானாலும் முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

நினைவுநாளுக்குப் போகும்போது சோறு, பிஸ்கட், பால் வைத்துவிட்டு வராதீர்கள். தோவாளைப் பூ வைக்கலாம். நைலான் நூலில் கட்டிய மாலை என்றால் நூலை உருவிவிட்டுப் பூவை மட்டும் உதிர்த்துப் போடுங்கள். மிளா பூவோடு நூலையும் விழுங்கிவிடும். அந்தி சாய்ந்த பிறகு போக வேண்டாம், அது மிளாவும் பன்றியும் இறங்குகிற நேரம். புதர் ஓரம் மிளாக் குட்டி தனியாகப் படுத்திருந்தால் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். காயம் தெரிந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.