‘லோங்ஜி’ என்று மட்டும் சொல்லி வண்டி ஏறாதீர்கள்

தெற்குச் சீனாவில், குவாங்ஜோவில் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறை, இங்கே கான்டன் ஃபேர் என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும்போது என் போன் ஓயாது. சரக்குப் பார்க்க வந்த திருப்பூர், கரூர்க்காரர்கள் கையில் ஒரு நாள் மிஞ்சும். “குய்லின் பக்கம் கிராமமா பாத்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்” என்பார்கள். லோங்ஜி படிக்கட்டு வயல்களுக்குப் போவார்கள். மறுநாள் போன் செய்து, பத்து வருஷத்துக்கு முன்னால் நான் புலம்பியதை அப்படியே புலம்புவார்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

“நானே ஓட்டிக்கிறேன்”

முடியாது. நம் ஊரில் எடுத்த இன்டர்நேஷனல் பர்மிட் அங்கே செல்லாது. டிரைவரோடு வண்டி பேசுங்கள். ‘பாவ்ச்சே’ என்று கேட்டால் போதும்.

ஊர்ப் பெயர்

குய்லின் நகரத்திலிருந்து ரெண்டு, ரெண்டரை மணி நேர ஓட்டத்தில் லோங்ஜி படிக்கட்டு வயல்கள். லோங்ஜி என்றால் டிராகனின் முதுகெலும்பு. அது ஓர் ஊரின் பெயர் இல்லை, ஒரு மலைப்பகுதியின் பெயர். அதற்குள் சுவாங் மக்கள் வாழும் பிங்ஆன் தனி, சிவப்பு யாவ் மக்கள் வாழும் தாஜாய் தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மலையேறி நடந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும்.

இது தெரியாமல் முதல் தடவை நான் போனில், “லோங்ஜி, போக வர, 600 யுவான்” என்று பேசி முடித்தேன். கூட மாமனார். அவருக்கு முட்டிவலி. தாஜாயில் கேபிள் கார் இருக்கிறது, உட்கார்ந்தபடியே உச்சிக்குப் போய்விடலாம் என்பதுதான் என் கணக்கு. டிரைவர் பிங்ஆன் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, “லோங்ஜி, தாவ்லே” என்றார். வந்தாச்சு. எதிரே பார்த்தால் கருங்கல் படிக்கட்டு. பல்லக்குக்காரர்கள் இரண்டு பேர் மாமனாரின் எடையைக் கண்ணாலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாஜாய் என்றேன். அது வேறு பள்ளத்தாக்கு, இன்னும் 200 கொடு என்றார். நாலு மணிக்கு அவருக்கு இன்னொரு சவாரி வேறு இருந்ததாம். பேரம் பேசி, வண்டியைத் திருப்பி, தாஜாய் போய், கேபிள் கார் வரிசையில் நின்று உச்சிக்குப் போனபோது மேகம் இறங்கி வயலை மொத்தமாக மூடிவிட்டது. “சைனாவுக்குப் போய் பனிமூட்டம் பாத்துட்டு வந்தோம்” என்று மாமனார் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் ஏமாற்றவில்லை. லோங்ஜி என்று பேசினேன், லோங்ஜியில் இறக்கிவிட்டார். எரிச்சலெல்லாம் என் மேல்தான். போன அக்டோபரில் கரூர் நண்பர்கள் இதையே அச்சுப் பிசகாமல் செய்தபோது அது இரண்டு மடங்காயிற்று. சீன எழுத்தில் ஊர்ப் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அதைக் காட்டாமல் வாயால் சொல்லியிருக்கிறார்கள்! நம் ஊரில் ஒருவர் ‘பளம்’ என்றாலும் பழத்தைத்தான் எடுத்துக் கொடுப்போம். சீனத்தில் தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். தொனி சரியாக இருந்தாலும், அதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு. 1964இல் ‘விவசாயத்துக்கு தாஜாயைப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்று மாவோ முழங்கினாரே, அந்த தாஜாய் வடக்கே ஷான்சி மாகாணத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

ஆகவே வண்டி பேசும்போது எந்த கிராமம், எந்த பார்க்கிங் என்பதைச் சீன எழுத்தில் வீசாட்டில் (சீனர்களின் வாட்ஸ்அப்) அனுப்புங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், டோலும் பார்க்கிங்கும் யார் தலையில், வழியில் கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். டிரைவரை ‘ஷிஃபு’ என்று கூப்பிடுங்கள், நாம் அண்ணே என்பதுபோல. பதில் எழுத்தில் வரும்வரை கிளம்பாதீர்கள்.

கூகுள் மேப்ஸ்

சாலையையும் உங்களையும் சில நூறு மீட்டர் தள்ளித் தள்ளிக் காட்டும். சீனர்கள் பயன்படுத்தும் காவ்தே மேப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 1 முதல் 7 வரை

போகாதீர்கள். அந்த விடுமுறை வாரம் கார்களுக்கு டோல் இலவசம். மொத்த நாடும் சாலையில் நிற்கும்.

போட்டோவைப் பார்த்துக் கிளம்புவது

கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும் வயல் மே, ஜூனில். தங்க நிறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அறுப்பு வரை. ஃபேரை முடித்துக்கொண்டு அக்டோபர் கடைசியில் போனால் அறுத்த தாளைத்தான் பார்ப்பீர்கள். எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் 600 யுவான் கொடுத்தவர்களுக்குப் பிடிப்பதில்லை.

சைவம்

“வோ ச்சர் சூ” என்றால் நான் சைவம். இது மட்டும் போதாது. இறைச்சித் துண்டு வராது, கீரை மட்டும் பளபளவென்று வரும். அந்தப் பளபளப்பு பன்றிக் கொழுப்பு. கொழுப்பு வேண்டாம், எலும்பு சூப் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். மூங்கிலில் சுட்ட சோறு பார்க்க அப்பாவியாக இருக்கும். பிளந்தால் உப்புக்கண்டத் துண்டு எட்டிப் பார்க்கும். என்னோடு வந்த ஒருவர் அன்று முழுக்க ஆரஞ்சுப் பழத்திலேயே ஓட்டினார்.

எல்லாம் போனிலேயே கட்டிவிடலாம்

கடையில் கட்டலாம். அலிபே என்ற சீனப் பணச் செயலியில் நம் விசா கார்டைச் சேர்த்துக்கொண்டால் 200 யுவான் வரை கூடுதல் கட்டணமும் கிடையாது. ஆனால் டிரைவர் நீட்டுவது பெரும்பாலும் அவருடைய சொந்த க்யூஆர். தனி ஆளுக்கு அனுப்ப வெளிநாட்டு கார்டு பல சமயம் ஒத்துழைக்காது. இரவு எட்டு மணிக்கு, ரயிலுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது, ஷிஃபுவை ஸ்டேஷன் வாசலில் நிற்கவைத்துவிட்டு ஏடிஎம் தேடி ஓடியவன் சொல்கிறேன்: வண்டிக் காசை நோட்டாக, காலையிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.