லேஸ் பூட்ஸுக்குப் பக்கவாட்டில் ஜிப் வைப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

என் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். முழங்கால் தேய்மானம் வந்த பிறகு, குனிந்து எட்டு ஜோடி ஓட்டையிலும் லேஸை இழுத்துக் கட்டுவது பெரும் பாடாகிவிட்டது. ஒரு நாள் வாசல்படியில், ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு நடை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த பூட்ஸிலேயே ஜிப் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பூட்ஸில் ஜிப்பா என்று யோசிக்க வேண்டாம். ஜிப்பின் கதையே காலணியில்தான் தொடங்குகிறது. 1893-ல் அமெரிக்காவின் விட்கோம்ப் ஜட்சன் காப்புரிமை வாங்கிய முதல் வடிவம் காலணியைப் பூட்டுவதற்கானது. 'ஜிப்பர்' என்ற பெயரும் 1923-ல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் தன் ரப்பர் பூட்ஸுக்காக எடுத்துக்கொண்டதுதான்.

எந்த பூட்ஸில் வைக்கலாம்?

கணுக்காலுக்கு மேலே ஏறும், உண்மைத் தோலில் செய்த பூட்ஸ் எதுவும் சரி. கணுக்கால் மடியும் இடத்தைக் கையால் வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்தத் தோலுக்குத் தையல் பிடிக்கும் தெம்பு இல்லை, விட்டுவிடுங்கள். ரெக்சின் வேண்டவே வேண்டாம், தையல் ஓட்டை வழியாகவே கிழியும். உள்ளே நீர்புகாப் படலம் வைத்த மலையேற்ற பூட்ஸில் கத்தி வைத்தால் அந்தப் படலம் வீணாகிவிடும். தொழிற்சாலைக்குப் போட்டுப் போகிற, ஐ.எஸ். 15298 முத்திரை உள்ள பாதுகாப்பு ஷூவைத் தொடவே தொடாதீர்கள். அந்த முத்திரை, ஷூ வந்தபடியே இருக்கும்போதுதான் செல்லும்.

வெட்டவே பயமாக இருக்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. இரண்டு தோல் பட்டைகளுக்கு நடுவே ஜிப்பைத் தைத்து, பட்டைகளின் ஓரத்தில் பூட்ஸின் லேஸ் ஓட்டைகளுக்கு நேராக ஓட்டை போட்டு, ஒவ்வொரு பட்டையையும் அதனதன் பக்கத்தில் லேஸால் கோத்துவிடுவது. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பலர் இப்படித்தான் போடுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பழையபடி லேஸ் கட்டிக்கொள்ளலாம். அப்பாவுக்கு இது ஒத்துவரவில்லை. முன்பக்கத்தில் ஜிப் வந்ததும் நாக்குத் தோல் மடங்கி, நடக்கும்போது காலின் மேற்புறத்தில் உறுத்தியது. அதனால் பக்கவாட்டில் வெட்டித்தான் தைத்தேன். இனி வருவது அந்த முறை.

ஜிப்பும் மற்ற சாமானும்

ஜிப்பின் நம்பர் என்பது ஏறக்குறைய அதன் பல்வரிசையின் அகலம், மில்லிமீட்டரில். பேன்ட், பை எல்லாவற்றிலும் பார்ப்பது 3, 5. பூட்ஸுக்கு 5 போதும் என்பார்கள். தோல் 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் நான் 8-தான் வாங்குவேன். பித்தளைப் பல் பார்க்க அழகு, ஆனால் ஒரு பல் போனால் ஜிப்பே போச்சு. நைலான் சுருள் ஜிப் கணுக்கால் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். நடுவில் பிரிந்தாலும் ரன்னரைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினால் சேர்ந்துகொள்ளும். முதல் முறை செய்பவர்கள் நைலானே வாங்குங்கள்.

ரன்னர் கட்டாயம் பூட்டு உள்ளதாக இருக்க வேண்டும். கடையிலேயே ஜிப்பைப் பாதி மூடி, இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரன்னர் நகர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நடக்கிற காலில் அது நிற்காது. சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு இருக்கிறது. தோல், ஜிப், நூல், பசை எல்லாம் ஒரே தெருவில் கிடைத்துவிடும். ஜிப்பை வேண்டிய நீளத்தைவிட 3 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள்.

மற்றவை: மாஸ்கிங் டேப், தோலில் கோடு போடும் சில்வர் பேனா, புது பிளேடு போட்ட கத்தி, இரும்பு ஸ்கேல், 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஓட்டை போடும் பஞ்ச், குத்தூசி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு பூசிய 0.8 மில்லிமீட்டர் பாலியஸ்டர் நூல், செருப்புக்கு ஒட்டும் சொல்யூஷன், மூக்கு நீண்ட குறடு. அப்புறம் மிருதுவான ஆட்டுத்தோல் ஒரு கையகலம்.

எங்கே வெட்டுவது என்பதுதான் பாதி வேலை

தையல் கோணலாக வந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். வெட்டு தப்பாக விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பூட்ஸுக்குள் கால் போகும்போது எங்கே மாட்டுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கெண்டைக்காலில் இல்லை. குதிகாலின் அடி முனையையும் காலின் மேல் மடிப்பையும் சுற்றி டேப் வைத்து அளந்தால் வருகிற சுற்றளவுதான் பாதத்திலேயே பெரியது. அப்பாவுக்கு அது 34 செ.மீ. லேஸை அவருக்கு வசதியான இறுக்கத்தில் கட்டி வைத்துக் கணுக்கால் மட்டத்தில் பூட்ஸை அளந்தால் 27. அந்த 27-க்குள் 34 நுழைய வேண்டும். இதுநாள் வரை லேஸைத் தளர்த்தித்தான் அந்த 7 செ.மீ. கிடைத்தது. இனிமேல் அதை ஜிப் தர வேண்டும்.

அப்படியானால் ஜிப் கணுக்கால் மட்டத்தோடு நின்றால் பயன் இல்லை. அதற்கும் கீழே இறங்க வேண்டும். இது எனக்குத் தெரியாமல்தான் என்னுடைய பழைய பூட்ஸ் ஒன்றில் முதலில் முயன்றேன். மேல் விளிம்பிலிருந்து கணு எலும்பு வரைக்கும் 11 செ.மீ. வெட்டித் தைத்தேன். மேலே வாய் நன்றாக விரிந்தது, கால் பாதி வரை போய் அதே இடத்தில் நின்றுவிட்டது. தையலைப் பிரித்து இன்னும் 5 செ.மீ. கீழே இறக்கிய பிறகுதான் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பழைய தையலின் ஓட்டைகள் இன்றைக்கும் அதில் வரிசையாகத் தெரிகின்றன. துணியில் விழுந்த ஊசித்துளையை நீவிவிட்டால் மறையும், தோலில் மறையாது.

இப்போது கோடு போடலாம். காலின் உள்பக்கம், அதாவது இரண்டு பூட்ஸும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கம். வெளிப்பக்கம் வைத்தால் செடியிலும் கல்லிலும் உரசும். பூட்ஸை மாட்டச் சொல்லி, லேஸைக் கட்டி, எழுந்து நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கால் வேறு வடிவம், எடை இறங்கும்போது வேறு. கணு எலும்பு எங்கே புடைக்கிறது என்று விரலால் தடவி, அங்கே டேப் ஒட்டி ஒரு வட்டம் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு விரற்கடை தள்ளி மேலிருந்து கீழாகக் கோடு. எலும்பின் மேலேயே பல்வரிசை வந்தால் சாயங்காலத்துக்குள் தோல் சிவந்துவிடும்.

கோட்டின் கீழ்முனை, தோலும் சோலும் சேரும் விளிம்பிலிருந்து 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பூட்ஸின் பிடிமானமே தளரும், ஈரமும் ஏறும். இன்னொன்று, குதிகாலைச் சுற்றி உள்ளே ஒரு கெட்டியான அட்டை இருக்கும். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே முன்னால் வந்தால் அது எங்கே முடிகிறது என்று தெரியும். கோடு அந்த அட்டையைத் தொடக் கூடாது. அப்பாவின் பூட்ஸில் இதெல்லாம் பார்த்துப் போட்ட கோடு 17 செ.மீ. வந்தது.

ஒரு பூட்ஸில் கோடு சரியாக அமைந்ததும் காகிதத்தில் பதிவெடுத்து, அதைத் திருப்பிப் போட்டு மற்றதில் குறியுங்கள். இரண்டையும் கண் அளவில் போட்டால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே போய்விடும்.

வெட்டு

லேஸை முழுதாக உருவிவிடுங்கள். பூட்ஸுக்குள் ஒரு மரத்துண்டைச் செருகினால் கத்தி எதிர்ப்பக்கத்தில் இறங்காது. முதலில் கோட்டின் கீழ்முனையில் பஞ்சால் ஒரு வட்ட ஓட்டை. இதை விட்டுவிட்டு வெட்டினால் நடக்க நடக்க வெட்டின் முனை கீழ்நோக்கிக் கிழிந்துகொண்டே போகும். வட்டமாக இருந்தால் கிழிசலுக்குத் தொடங்க இடம் இல்லை.

அந்த ஓட்டையிலிருந்து மேல்நோக்கி, ஸ்கேலை ஒட்டி, மூன்று நான்கு மெல்லிய இழுப்புகளில் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் கத்தி வழுக்கும். லைனிங் வரை சேர்த்து வெட்டலாம்.

ஜிப் உட்கார வெட்டின் இரு ஓரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளி தேவை. அதாவது எதையும் வெட்டி எடுக்காவிட்டால் பூட்ஸின் சுற்றளவு 1 செ.மீ. கூடும். மாலையில் கால் வீங்குகிறவர்களுக்கு அது நல்லதுதான், அப்பாவுக்கு அப்படியே விட்டேன். ஏற்கெனவே தொளதொளப்பாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் 4 மில்லிமீட்டர் பட்டை எடுத்துவிடுங்கள்.

ஒட்டுவதும் தைப்பதும்

வெட்டின் இருபுறமும் மேல் தோலையும் லைனிங்கையும் 15 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பிரியுங்கள். ஜிப்பின் துணி அந்த இரண்டுக்கும் நடுவில் போகும், சாண்ட்விச் மாதிரி. இரண்டு பரப்பிலும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாடை தலைவலி கொடுக்கும்.

ஜிப்பை மூடிய நிலையிலேயே ஒட்ட வேண்டும். திறந்துவைத்து ஒவ்வொரு பக்கமாக ஒட்டினால் ஒரு பக்கம் இழுபட்டு, மூடும்போது பூட்ஸின் மேல் விளிம்பு ஏறி இறங்கி நிற்கும். ஒட்டியதும் ரன்னரை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். தோல் ஓரத்தில் எங்காவது இடித்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

ஜிப்புக்குப் பின்னால், சாக்ஸ் பல்லில் சிக்காமல் இருக்க, 4 செ.மீ. அகலத்தில் ஆட்டுத்தோல் தடுப்பு ஒன்று. அதை ஒரு பக்கம் மட்டும் தையலில் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் தைத்தால் ஜிப் திறந்தும் பூட்ஸ் திறக்காது.

தையல் கோடு, ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே. 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை வீதம் குத்தூசியால் முன்கூட்டியே குத்திவிடுங்கள். நூல் தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு, கூடவே ஒரு முழம். நூலின் இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி. ஒரே துளைக்குள் ஒன்று வெளியிலிருந்து உள்ளே, மற்றது உள்ளிருந்து வெளியே. இரண்டையும் சமமாக இழுத்து இறுக்க வேண்டும். இந்தத் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். கீழ்முனையில் தொடங்குங்கள். அங்கேதான் கை நுழைவது கஷ்டம், நாக்கை முழுக்க வெளியே மடித்துவிட்டு உள்ளேயிருந்து குறடால் ஊசியை இழுக்க வேண்டியிருக்கும். மேலே போகப் போகச் சுலபமாகிவிடும். ஒரு வரிசை முடிந்ததும் 5 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு வரிசை. கீழே வட்ட ஓட்டையின் மேல் பிறை வடிவத்தில் ஒரு துண்டுத் தோலை வைத்துத் தைத்தால் ஓட்டையும் மறையும், ஜிப்பின் முனையும் அடங்கும்.

ஜிப்பின் மேல்முனையில் மிச்சமிருக்கும் நீளத்தை வெட்டி, துணியைத் தோலுக்குள் மடித்து நாலைந்து தையல் குறுக்கே போடுங்கள். இல்லையென்றால் ரன்னர் கையோடு வந்துவிடும்.

கைத்தையலுக்கு ஒரு பூட்ஸுக்கு எனக்கு ஒரு முழு மாலை ஆனது. வீட்டுத் தையல் மெஷினில் முயன்று ஊசியை உடைக்காதீர்கள். கை ஒத்துழைக்காவிட்டால், வெட்டி ஒட்டியது வரை நீங்கள் செய்துவிட்டு, நீண்ட மெல்லிய கை வைத்த மெஷின் உள்ள செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோங்கள். அந்த மெஷின் பூட்ஸுக்குள் நுழைந்து எந்தத் திசையிலும் தைக்கும். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், அந்த வேலைக்கு அது தகும்.

மாட்டிப் பார்ப்பது

லேஸைத் திரும்பக் கோத்து, காலுக்கு வசதியான இறுக்கத்தில் ஒரே ஒரு முறை கட்டுங்கள். இனி அது அப்படியே இருக்கும். ரன்னரில் 8 செ.மீ. நீளத்துக்கு ஒரு தோல் வார் கோத்துவிட்டேன். அப்பா காலைச் சின்ன முக்காலியில் வைத்து, முதுகை அதிகம் வளைக்காமல் அந்த வாரைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். முதல் ஒரு வாரம் தோல் புது வடிவத்துக்குப் பழகும்வரை ஜிப் கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஓடும். பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும், எண்ணெய் வேண்டாம், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் நீலகிரிச் சேறு பல்லுக்குள் ஏறிவிடுகிறது. சேறு காய்ந்ததும் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தட்டிவிடுங்கள். நாளாக நாளாக ஜிப் மூடிய பிறகும் பின்னால் பிரிந்துகொண்டே வந்தால், பழுது பெரும்பாலும் பல்லில் இருக்காது. ரன்னரின் பின்வாய் விரிந்திருக்கும். அதன் இரண்டு ஓரத்தையும் குறடால் மிக லேசாக, மாற்றி மாற்றி அழுத்துங்கள். அதுவும் கேட்காவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஜிப் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.