ஸ்பிளிட் ஏசி சர்வீஸ்: என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும்

மார்ச் பிறந்துவிட்டால் சென்னையில் ஏசி மெக்கானிக்குகளின் போன் ஓயாது. அவசரமாக வந்து பத்து நிமிடம் தண்ணீர் அடித்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபுல்லா போட்டுடலாம்" என்பதும் அந்த நாட்களில்தான் அதிகம். வீட்டு ஏசிக்குத் தேவையில்லாமல் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகாது. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அழுக்குப் பிடித்த ஏசியும் கேஸின் அழுத்தம் பார்க்கும் மீட்டரில் கேஸ் குறைந்த ஏசி போலவே காட்டும். அதனால் வேலைகளை எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பது முக்கியம்.

கீழே உள்ளவை 1 முதல் 1.5 டன் வரையிலான ஸ்பிளிட் ஏசிக்குப் பொருந்தும்.

படி 1: ஃபில்டர் (நீங்களே செய்வது)

எம்சிபியை (ஏசிக்கு வரும் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு இண்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்குங்கள். வலை போன்ற இரண்டு ஃபில்டர்கள் இருக்கும். தூசி படியாத பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால் தூசி வெளியே தள்ளப்படும். எதிர்ப்பக்கம் பாய்ச்சினால் வலைக்குள் இன்னும் இறுகும். வெந்நீர் வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிட்டால் பிறகு சரியாகப் பொருந்தாது. நிழலில் நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். ஏசி தினமும் ஓடும் மாதங்களில் 2 வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். ரோட்டோர வீடு, பக்கத்தில் கட்டட வேலை என்றால் வாரம் ஒருமுறை.

படி 2: மெக்கானிக் வந்ததும் முதலில் ஓடவிட்டுப் பார்ப்பது

வந்த உடனே கழற்ற விடாதீர்கள். 15 நிமிடம் 'கூல்' மோடில், குறைந்த டெம்பரேச்சரில் ஓடட்டும். இண்டோரின் மேல்பக்கம் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தையும் கீழே வெளிவரும் காற்றின் வெப்பத்தையும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் பாருங்கள். பொதுவாக 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கும். புழுக்கமான நாளில் கொஞ்சம் குறையலாம். இந்த எண்ணைக் குறித்து வைத்தால், சர்வீஸ் முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஐஸ் கட்டியிருந்தால் எங்கே கட்டியிருக்கிறது என்று கவனியுங்கள். அவுட்டோர் வால்வு அருகே சின்னக் குழாயில் மட்டும் வெண்மையாகப் படிந்திருந்தால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இண்டோருக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் முழுக்க ஐஸ் மூடி, பெரிய குழாய் வரை வந்திருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு. அதாவது ஃபில்டரிலோ, காற்றைத் தள்ளும் ப்ளோயரிலோ அழுக்கு.

படி 3: வாட்டர் சர்வீஸ்

முழுமையான சர்வீஸுக்கு ஒரு ஏசிக்கு 45 நிமிடமாவது பிடிக்கும். எம்சிபியை அணைத்து, முன்கவரைக் கழற்றி, சர்க்யூட் போர்டு இருக்கும் பகுதியை (பெரும்பாலும் வலது ஓரம்) பிளாஸ்டிக் கவரால் கட்டி மூட வேண்டும். சர்வீஸ் முடிந்த மறுநாளே போர்டு போனதென்றால், இப்படி மூடாமல் தண்ணீர் அடித்தார்களா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கீழே தண்ணீர் பிடிக்கும் பையை மாட்டிவிட்டு, காயிலின் தகடுகள் ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாக ஜெட் பம்பால் அடிப்பார்கள். குறுக்கே அடித்தாலும் அதிக அழுத்தத்தில் அடித்தாலும் அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும். ஆசிட் கலந்த திரவத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அலுமினியத்தை அது அரித்துவிடும்.

பலர் விட்டுவிடும் இடம் ப்ளோயர். காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நீளமான உருளையின் சின்னச் சின்ன இறக்கைகளுக்கு இடையில் கருப்பும் பழுப்புமாகப் பசைபோல் அப்பியிருக்கும். போட்டதும் வரும் ஈரநாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். காற்றின் வேகம் குறைவதும் இதனால்தான். ப்ளோயர் சுழலாமல் கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கழுவ வேண்டும். தண்ணீர் வேகத்தில் சுழலவிட்டால் அதன் முனையைத் தாங்கும் புஷ் தேய்ந்து பிறகு சத்தம் போடும்.

அடுத்து டிரெயின், அதாவது தண்ணீர் வெளியேறும் வழி. இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றால் ட்ரேயிலும் பைப்பிலும் பாசிபோன்ற வழவழப்பு அடைத்திருக்கும். பைப்பை ஊதி அல்லது தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்தபின் ட்ரேயில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, வெளியே தடையில்லாமல் வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பைப் வழியில் எங்காவது மேலேறி இறங்கினால் எத்தனை சர்வீஸ் செய்தாலும் மறுபடி சொட்டும். சரிவைத் திருத்துவதுதான் தீர்வு.

அவுட்டோரையும் கழுவாவிட்டால் அது பாதி சர்வீஸ்தான். மேல்மூடியைத் திறந்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் தூசி வெளியேறும். திறந்த கையோடு ஒயர் முனைகளை இறுக்க வேண்டும். தளர்ந்த முனை சூடாகிக் கருகும். சாதா (இன்வெர்ட்டர் அல்லாத) ஏசியில், கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெபாசிட்டரின் அளவையும் மின் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கெபாசிட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். கரண்ட்டை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே அவுட்டோரை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

படி 4: கேஸ் பார்ப்பது, கடைசியில்

காயிலில் அழுக்கு இருந்தால் காற்று சரியாகப் போகாது, கேஸின் அழுத்தமும் இறங்கும். அந்த நிலையில் மீட்டர் மாட்டிப் பார்த்து கேஸ் ஏற்றினால், கழுவிய பிறகு அளவுக்கு மீறி நிற்கும், கம்ப்ரஸருக்குக் கேடு. ஆகவே முதலில் கழுவ வேண்டும். பிறகு 15 நிமிடம் ஓடவிட்டு, வெப்ப வித்தியாசம் சரியாக வந்துவிட்டால் மீட்டரை மாட்டவே தேவையில்லை. மாட்டிக் கழற்றும்போதெல்லாம் கொஞ்சம் கேஸ் வெளியேறும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால், முதல் கேள்வி: எங்கே கசிகிறது? குழாய் சேரும் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அங்கேதான் சந்தேகம்; கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து கசியும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிப் பார்க்க வேண்டும். கசிவை அடைத்தபின் வாக்குவம் பம்பை 20-30 நிமிடம் ஓட்டி உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். பிறகு தராசில் எடைபோட்டு கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது அவுட்டோரின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். ஆர்32, ஆர்410ஏ, ஆர்22 என எந்த வகை என்பதும் அங்கேயே இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடாது. ஆர்32 தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. குழாயில் கேஸ் இருக்கும்போது யாரும் அதை நெருப்பு வைத்துப் பற்றவைக்க (வெல்டிங் செய்ய) கூடாது.

எவ்வளவு ஆகும்?

சென்னையில் தோராயமாக: வாட்டர் சர்வீஸ் 500 முதல் 800 ரூபாய், கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் ஜிஎஸ்டியோடு சேர்த்து இன்னும் கூடும். கெபாசிட்டர் மாற்ற, கூலியோடு 400 முதல் 1,000. கசிவு அடைத்து முழுக் கேஸ் ஏற்ற 2,500 முதல் 4,000. சர்க்யூட் போர்டு ரிப்பேர் 1,500-க்கு மேல். இன்வெர்ட்டர் ஏசிக்குப் புதுப் போர்டு என்றால் பல ஆயிரம் ஆகும். ஊர், பிராண்டு, ஏசி மாட்டியிருக்கும் உயரம் இவற்றைப் பொறுத்து மாறும். அவுட்டோர் தொங்கும் இடத்துக்குக் கயிறு கட்டி இறங்க வேண்டுமென்றால் தனிக் கூலி கேட்பார்கள், அது நியாயம்தான்.

வருடம் 2 வாட்டர் சர்வீஸ் போதும்: பிப்ரவரியில் ஒன்று, கோடை முடிந்து ஒன்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் அவுட்டோரை 3 மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. உப்புக்காற்று காயிலை அரிக்கும். ஆண்டு ஒப்பந்தம் போடும் முன் கேஸும் பாகங்களும் அதில் அடக்கமா, வெறும் கூலி மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். வருடம் 2 சர்வீஸ் மட்டும் தரும் ஒப்பந்தம், தனித்தனியாகச் செய்யும் செலவைவிட அதிகமென்றால் வேண்டாம்.

கேஸ் ஏற்றினால் பில்லில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: கேஸ் வகை, எத்தனை கிராம், எந்த இடத்துக் கசிவு அடைக்கப்பட்டது. செய்த வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். அதே இடம் மறுபடி கசிந்தால் பணம் கொடுக்காமல் சரிசெய்யச் சொல்ல உங்களிடம் இருக்கும் சான்று அந்தப் பில்தான்.