ஆர்ன்ஹெம் லேண்டுக்குத் தூண்டிலோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் முடிந்து சாலைகள் காய ஆரம்பித்ததும், ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் இருக்கும் டார்வினில் புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு, கிழக்கே உள்ள ஆர்ன்ஹெம் லேண்ட் ஆசை வந்துவிடும். எல்லாம் பாராமுண்டிக்காக, நம்மூர்க் கொடுவாதான் அது. குடிதண்ணீர், ஸ்டெப்னி பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்த தப்பையே அவர்களும் செய்கிறார்களே என்பதுதான் என் கவலை.

சாலை பெர்மிட் இருந்தால் மீனும் பிடிக்கலாம் என்று நினைப்பது

வட பிரதேசத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 1976ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டத்தின்படி ஆர்ன்ஹெம் லேண்ட் பழங்குடி மக்களின் சொந்த நிலம். அதை ஒட்டிக் கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதிக்குள் யாரை விடுவது என்பதும் அவர்கள் உரிமைதான் என்று 2008இல் ப்ளூ மட் பே வழக்கில் ஆஸ்திரேலிய ஹைகோர்ட் தீர்ப்பளித்தது.

முதல் பயணத்தில் என்னிடம் சாலையில் கடந்துபோக மட்டுமே பெர்மிட் இருந்தது. வழியில் ஓர் ஓடையில் தூண்டில் போட்டேன். அந்த நிலத்துக்காரர், வயதானவர், வந்து நின்றார். கோபப்படவில்லை. யாரிடம் கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அது அவர்களுடைய புனித இடம். அன்றே திரும்பினோம். ஒரு வார லீவும் டீசலும் போனது பெரிதில்லை, அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. போன வாரம்கூட ஒரு தம்பி, “சும்மா ஆறுதானே அண்ணா” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

நிலத்துக்காரர்கள் சார்பில் பெர்மிட் தரும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலில் குறைந்தது பத்து வேலை நாட்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். பெர்மிட்டில் எழுதியிருக்கிற சாலைக்கும் இடத்துக்கும்தான் அது செல்லும். சில ஆறுகளில் ஒப்பந்தப்படி பெர்மிட் இல்லாமலே மீன் பிடிக்கலாம். பக்கத்து ஆற்றில் கூடாது என்றிருக்கும். வரைபடத்தைப் பார்க்காமல் படகை இறக்காதீர்கள்.

ஓத நேரம் பார்க்காமல் காஹில்ஸ் கிராஸிங்கில் இறங்குவது

ஆர்ன்ஹெம் லேண்டுக்குள் போகும் சாலை ஆற்றைக் கடக்கும் தரைப்பாலம் இது. ஆற்றின் பெயர் ஈஸ்ட் அலிகேட்டர் என்றாலும் உள்ளே கிடப்பவை உவர்நீர் முதலைகள். தண்ணீர் ஏறினால் கரையிலேயே காத்திருங்கள். ஆழம் பார்க்க நடந்து இறங்கவே கூடாது.

பியர்

ஒரு டின்கூட வேண்டாம். அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

துக்க வீட்டில் வற்புறுத்துவது

சாவு விழுந்தால் ஊரையோ சாலையையோ மூடிவிடுவார்கள். பெர்மிட்டைக் காட்டி வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

மீனோடு மட்டும் திரும்புவது

ஆர்ன்ஹெம் லேண்டில் உள்ள குன்பலான்யா என்ற ஊரில் உள்ளூர் வழிகாட்டியோடு இஞ்சலக் மலை ஏறுங்கள். முள்ளும் குடலும் தெரிய வரைந்த மீன்கள் பாறையில் இருக்கின்றன. நான் அங்கே போனது என் மூன்றாவது பயணத்தில்தான்.