ஊட்டிக் குளிரில் நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மேட்டுப்பாளையம் தாண்டும்போதே பைக்குள் ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர், கையுறை எல்லாம் இருக்கும். தண்ணீரும் தொப்பியும் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் நீலகிரிக்கு நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். விடியற்காலைக் குளிருக்கு மட்டும் தயாராகி, மீதிப் பகலைக் கோட்டை விட்டுவிடுவார்கள். நானும் அப்படிப் போய் அவதிப்பட்டவன்தான்.

முதலில் உடுப்பு. தலைகுந்தா பக்கம் ஓர் ஏற்றத்தில், உள்ளே பருத்தி பனியனும் மேலே தடித்த ஜாக்கெட்டுமாக ஏறினேன். கால்மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. மேட்டை அடைந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றினேன். ஒரு காற்று அடித்தது பாருங்கள், நனைந்த பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பல் கிடுகிடுத்துவிட்டது. பருத்தி ஈரத்தை லேசில் விடாது. சீக்கிரம் காயும் விளையாட்டு பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என்று போட்டுக்கொண்டு, ஏற்றம் தொடங்கும் முன்பே ஒன்றைக் கழற்றிப் பையில் வையுங்கள். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிரத்தான் வேண்டும்.

அடுத்தது, உயரே போனால்தான் உறைபனி இருக்கும் என்ற நினைப்பு. உறைபனி பார்க்க 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சிக்கு ஓட வேண்டாம். மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் சூட்டை இழக்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் என்று செய்திகளில் வரும் இடங்கள் தாழ்வாக இருப்பது அதனால்தான். வெப்பமானியைத் தரையிலிருந்து ஓராளின் நெஞ்சுயரத்தில் வைத்து அளக்கிறார்கள். அங்கே 3 டிகிரி இருக்கும்போதே புல் மட்டத்தில் நீர் உறைந்துவிடும்.

இந்தப் புல்லின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் சர்க்கரைத் துகள் போல பனி ஊசிகள். உறைந்த புல் வளையாது, நொறுங்கும். பத்து மணி வெயிலில் பனி காணாமல் போன பிறகு, மிதித்த இடமெல்லாம் பழுப்புக் காலடிகளாகத் தெரியும்.

அந்தப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைப்பது பழைய தவறு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே அப்படி நினைத்துத்தான் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டுத் தள்ளினார்கள். பள்ளத்து மடிப்புகளில் இருக்கும் சோலைக்காட்டு மரங்களின் நாற்றுகள் திறந்த புல்வெளியில் முளைத்தாலும், பெரும்பாலும் உறைபனியில் கருகிவிடும். அங்கே தாக்குப்பிடித்துத் தனியாக நிற்பது காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் என்றால் பலருக்குத் தெரியும். பனிக்காலத்தில் சிவப்பாகப் பூக்கும். ஒரு கிளையை ஒடித்துக் காதில் செருகிக்கொள்ளும் ஆசை வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு நீலகிரிக்கும் இலங்கை மலைக்கும் வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் சோலை ஓரத்தில் இருக்கலாம். கைப்பிடியளவுகூட இருக்காது. நீங்கள் பாட்டை நிறுத்தினால்தான் அதன் குரல் கேட்கும்.

பகல் பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று இருக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும்; ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. காற்று குளிர்ந்திருப்பதால் தோல் கருகுவதும் தெரியாது, தாகமும் எடுக்காது. மாலையில் தலைவலி வந்ததும் "குளிர் ஒத்துக்கலை" என்போம். பல நேரம் அது தண்ணீர் குடிக்காத தலைவலிதான். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நிற்கும். ஊர் மாடு மாதிரி அமைதியாக மேய்வதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஒருமுறை வளைவில் திரும்பியதும் இருபதடி தூரத்தில் ஒன்று. நான் செல்போனைத் தூக்க, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தணிந்த குரலில், "தம்பி, போனைக் கீழ இறக்குங்க. ஓடாம அப்படியே பின்னால வாங்க" என்றார். அது பெருமூச்சு விட்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பித் தன் பருமனைக் காட்டியது. அது வேடிக்கை காட்டவில்லை, எச்சரிக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். நடப்பதற்கென்றே வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டியும் கூட வருவார். தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள், அதற்குக் கோபப்பட வேண்டாம். உறைபனியில் கருகிய புல் ஜனவரி கடைசியிலேயே காய்ந்து சருகாகிவிடும். ஒரு பீடித் துண்டு போதும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேறிகள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆறு மணி தாண்டினால் சட்டென்று இருட்டிவிடும். ஐந்துக்கே சாலைக்கு வந்துவிடுங்கள்.

கடைசித் தவறு அறைக்குள் நடப்பது. இரவு சமைத்த கரி அடுப்பில் கங்கு மிச்சம் இருக்கிறதே என்று, அதை அறைக்குள் வைத்துக் கதவு சன்னலைச் சாத்திப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிர் தாங்கவில்லையென்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள், எந்த விடுதியிலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.