பழைய ரிவால்வருக்குத் தோட்டாவைத் தாமே தயாரித்து நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறாண்டு கடந்த ரிவால்வரைச் சுட எடுப்பவர் செய்யும் முதல் தவறு, சிலிண்டரின் அறைக்குள் தடையின்றி நுழையும் தோட்டா எதுவாயினும் அதுவே அதற்குரியது என்று முடிவு செய்வதாகும். கோல்ட் நிறுவனத்தின் 1892 மாதிரி ராணுவ ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். .38 லாங் கோல்ட் தோட்டாவுக்கென்று செய்யப்பட்ட அதன் தொடக்ககாலச் சிலிண்டர்களில், அறைகள் நடுவில் படி ஏதுமின்றி ஒரே விட்டத்தில் துளைக்கப்பட்டிருப்பதால், 1935இல் வந்த .357 மேக்னம் தோட்டாவும் அவற்றில் அமர்ந்துவிடும். சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை ஏறக்கூடிய அந்த அழுத்தத்துக்கு முன், கருமருந்து என்னும் பழைய புகைமிகு வெடிமருந்தின் காலத்து எஃகு நிற்காது.

1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற வெப்லி மார்க் 6 ரிவால்வரின் கதை இன்னும் சிக்கலானது. .455 தோட்டாவுக்கான இத்துப்பாக்கிகளில் பலவற்றின் சிலிண்டர் பின்பக்கம் பிற்காலத்தில் இழைக்கப்பட்டு, பிறைவடிவக் கிளிப்பில் கோத்த, தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கான .45 ஏசிபி தோட்டாவை ஏற்குமாறு மாற்றப்பட்டது. கடையில் கிடைக்கும் .45 ஏசிபியின் அழுத்த வரம்பு 21,000 பவுண்டு. வெப்லியின் சொந்தத் தோட்டா அதைவிட மிகவும் சாதுவானது. மாற்றியவர்கள் தோட்டா நுழைவதைப் பார்த்தார்களே தவிர, சிலிண்டர் எதைத் தாங்கும் என்று பார்க்கவில்லை. பழைய ரிவால்வர் வைத்திருப்பவர் தோட்டாவைத் தாமே நிரப்புவதற்கு, அதாவது காலி உறையில் மருந்தையும் குண்டையும் வைத்துத் தாமே தயாரிப்பதற்கு, வலுவான காரணம் இதுதான் என்பேன்: அத்துப்பாக்கிக்கு ஏற்ற மென்மையான தோட்டாவைக் கடை தராது.

ஆனால் நிரப்பும் மேசைக்குப் போவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். அறைகள் அனைத்தும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, சுத்தியலை மெதுவாக இறக்கி, விசையை அழுத்திப் பிடித்தபடியே சிலிண்டரை அசைத்துப் பாருங்கள். மிகச் சிறு அசைவு இயல்பு. கடகடவென்று ஆடினால், அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காமல் குண்டின் ஓரம் சீவப்படும் வாய்ப்பு உண்டு. அதை முதலில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். பிறகு, எண்ணெயிட்ட குழலினுள் மென்மையான ஈயத் துண்டொன்றைத் தட்டிச் செலுத்தி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழலில் குண்டைச் சுழற்றும் பள்ளங்கள் ஐந்தும் வெப்லி குழலில் ஏழும் இருப்பதால் எதிரெதிர்ப் பள்ளங்கள் கிடையா. சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே குறைத்தே காட்டும், வி வடிவத் தாங்கி உள்ளது தேவை. அறைகளின் முன்வாயையும் அளக்காமல் விடக் கூடாது. அது குழலைவிடக் குறுகியிருந்தால், குண்டு சரியான விட்டத்தில் வார்க்கப்பட்டிருந்தாலும் குழலைச் சேருமுன்பே சுருங்கிவிடும். அதைச் சுற்றி வாயு கசிந்து, ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும். .38 என்ற எண்ணை மட்டும் நம்புவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: .38 எஸ் அண்ட் டபிள்யூ குண்டின் விட்டம் 0.361 அங்குலம், .38 ஸ்பெஷலுக்கோ 0.358.

வெடிமருந்தைப் பொறுத்தவரை, கருமருந்துக்கென்று செய்ததில் புகையற்ற மருந்தைப் போடுவதே பெருந்தவறு. 1873இல் வந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிக்குக்கூட, 1900ஐ ஒட்டித்தான் கோல்ட் நிறுவனம் புகையற்ற மருந்துக்கு உத்தரவாதம் அளித்தது. கருமருந்தில் நினைவில் கொள்ள வேண்டியது, குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் விடக் கூடாது என்பது. புகையற்ற மருந்தில் ஆபத்து வேறு வகையானது. கருமருந்துக்காக அகலமாக அமைந்த உறையின் அடியில் அது சிறிதளவே கிடக்கும். தவறி இருமுறை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. ஆகவே உறைகளை மரத்தட்டில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துவதற்கு முன் விளக்கைச் சாய்த்து ஒவ்வொன்றின் உள்ளும் மருந்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும்; ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் தட்டு முழுவதையும் கொட்டிவிட்டுத் தொடங்குவதே முறை. எடையில் கிரெயின் என்ற சிற்றலகைக் கிராமோடு குழப்புவது சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம், ஆனால் ஒரு கிராம் 15.43 கிரெயின் என்பதால் அந்தக் குழப்பம் சிரிப்பில் முடியாது. மருந்தின் அளவை, அந்த மருந்தைத் தயாரித்தவர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நண்பர் சொன்ன அளவு அவருடைய துப்பாக்கிக்கு உரியது.

சுடும்போது சத்தம் மெலிந்தோ உதைப்பு குறைந்தோ தோன்றினால் அடுத்த குண்டைச் சுடக் கூடாது. முந்தைய குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். தோட்டாக்களை அகற்றிவிட்டுக் கம்பியை உள்ளே செலுத்திப் பார்த்த பிறகே தொடர வேண்டும்.

சுத்தம் செய்வதில் எண்ணெயை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. கருமருந்தின் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் உப்பாகப் படியும். இரண்டும் நீரில்தான் கரையும். அன்றைய தினமே வெந்நீரால் குழலையும் அறைகளையும் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகே எண்ணெய் பூச வேண்டும். சிலிண்டரின் நடு அச்சையும் கழற்றித் துடைக்க வேண்டும். கரி இறுகிச் சிலிண்டர் சுழலாமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.