மார்ஃபினை நாமாக நிறுத்தலாமா? வீட்டில் நடக்கும் தவறுகள்

மும்பை பரேலில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஊரிலிருந்து வந்து, தாராவியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பங்களிடம் கடும் வலிக்கு டாக்டர் எழுதும் மார்ஃபினைப் பற்றி அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "மார்ஃபின் குடுத்தா எதிர்ப்பு சக்தி போயிடுமாம். அதான் ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டோம்." அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

மார்ஃபின் மூளையோடு நிற்பதில்லை. நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகையான மனித டி அணுக்களின் நடத்தையைச் சோதனைக் குழாயில் மார்ஃபின் மாற்றுவதும், மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலாக்சோன் அதைத் தடுப்பதும் 1979-லேயே பதிவானது. மூளை வழியாகவும் வேலை நடக்கிறது: கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, சில நரம்புகள் தூண்டப்படுகின்றன, புற்றணுக்களையும் வைரஸ் புகுந்த அணுக்களையும் அழிக்கும் இயற்கைக் கொல்லி அணுக்கள் மந்தமாகின்றன. இந்த விளைவு மார்ஃபினிலும், அதே வகை வலி மருந்தான ஃபென்டனிலிலும் கூடுதல்; அவ்வகையில் இன்னொன்றான ப்யூப்ரினார்ஃபினில் குறைவு.

சரி, நிறுத்திவிட்டால் எதிர்ப்பு சக்தி திரும்பிவிடுமா? இங்கேதான் பெரிய தவறு. அடங்காத வலியும் கார்டிசாலை ஏற்றி அதே அணுக்களைத் தளர்த்துகிறது. அறுவை சிகிச்சை செய்த எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்து வலியை அடக்கியபோது, புற்று பரவுவது குறைந்தது. திடீரென நிறுத்தினால் வலியோடு நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு என்று உடம்பு இன்னும் அலைக்கழியும். பயமாக இருந்தால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

உடம்பு அரித்தால் உடனே "அலர்ஜி" என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. அலர்ஜி இல்லாமலேயே மார்ஃபின், மாஸ்ட் அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை நேராகத் தூண்டி, அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளியேற்றும், அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ மட்டும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்புறம் மலச்சிக்கல். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் அவதிப்படுகிறார்கள். மார்ஃபின் குடலை மெதுவாக்கும். எலிகளில் குடல் சுவரின் காவல் தளர்ந்து, பாக்டீரியா உள்ளே கசிவதையும் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் எழுதிய மலமிளக்கியைத் தினமும் கொடுங்கள், விட்டுவிடாதீர்கள்.

கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாரசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்க வேண்டாம். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மார்ஃபின் எடுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.